ஜனவரி மாத ரத்தம்

என் வீட்டுக்காரருடைய ரத்தம் வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் நல்ல ரத்தமாக இருந்தது. அது ஜனவரி. அந்த மாதத்தில்தான் அவர் அதைப் பரிசோதனைக்குக் கொடுப்பார்.

நாங்கள் அடுகோடியில், பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி, குடியாத்தம் பக்கத்திலிருந்து நான் பெங்களூருக்கு வந்தபோது அவர் ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் கீப்பர் என்றால் நாற்காலி. காலையில் அதில் உட்கார்ந்தால் சாயங்காலம் சங்கு ஊதும்போதுதான் எழுந்திருப்பார். போல்ட் வேண்டும், பேரிங் வேண்டும் என்று வருகிறவர்கள் அலமாரிக்குப் போய் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் எந்தத் தட்டு என்று விரலை நீட்டுவார். அந்த விரல் ஒன்றுதான் அவர் உடம்பில் தினமும் வேலை செய்த உறுப்பு. நான் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அறிவியலும் கணக்கும் எடுத்தேன்.

கார்த்திகை முதல் தேதி வந்தால் இந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளியல், சாயங்காலம் மறுபடி குளியல். கறி கிடையாது, பிராந்தி கிடையாது, பாயில் படுக்கை. பஜனை எங்கே நடந்தாலும், அது அல்சூரானாலும் தொம்மலூரானாலும், செருப்பில்லாமல் நடந்தே போவார். பால் பாக்கெட் வாங்கத் தெருமுனை வரை போகச் சொன்னால் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறவர் இவர்தான் என்று யாராவது சொன்னால் அந்த இரண்டு மாதத்தில் நம்பவே முடியாது.

அவர் பக்தியை நான் குறை சொல்லவில்லை. பக்தி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் மற்றது நிறைய இருந்தது. மாலை போட்ட நாள் முதல் தொழிற்சாலை வாட்ச்மேன் 'சாமி' என்பான். பஸ் கண்டக்டர் 'ஸ்வாமி, பன்னி' என்று கன்னடத்தில் வாங்க சொல்லி உட்கார இடம் காட்டுவான். அவர் பல தடவை மலைக்குப் போய்வந்த குருசாமி என்பதால், புதிதாக மாலை போட்ட பையன்கள் காலில் விழுவார்கள். விழுந்தவர்கள் தலையில் கைவைக்கும்போது அவர் முகத்தில் வரும் கனிவை என்னிடமோ எங்கள் மகளிடமோ அவர் ஒரு நாளும் காட்டியதில்லை.

பொங்கல் கழிந்து மலையிலிருந்து திரும்புவார். பெருவழிப் பாதையில், அழுதை ஏறி கரிமலை ஏறி, காலெல்லாம் கொப்புளத்தோடு வருவார். ஆள் இளைத்து, முகம் தெளிந்து, உண்மையிலேயே பார்க்க நன்றாக இருப்பார். வந்த வாரமே ரத்தப் பரிசோதனை. தொழிற்சாலை வருடத்துக்கு ஒரு தரம் எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பும். எந்த மாதம் போவது என்பது அவரவர் இஷ்டம். அங்கே இருந்த சாமிகள் அத்தனை பேரும் தேர்ந்தெடுத்த மாதம் ஜனவரி. பரீட்சைத் தேதியைத் தானே குறித்துக்கொள்ள விட்டால் என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன்கூட முதல் மார்க் வாங்குவான். இவர்கள் அதைத்தான் வருடா வருடம் செய்தார்கள்.

ரிப்போர்ட் பிரமாதமாக வரும். ரத்தக் கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கும். அவர் அதற்கு ஓரத்தில் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் மலைப் பிரசாதமான அரவணை டின்னுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். "நாப்பது வயசுக்கு மேல எவனுக்குடா இப்படி ரிப்போர்ட் வருது?" என்பார். காட்டிக்கொண்டே அரவணையைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார். நெய்யும் வெல்லமும். மாலையைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை மிலிட்டரி ஹோட்டல் பிரியாணி வீட்டுக்கு வந்துவிடும். திங்கட்கிழமையிலிருந்து பிராந்தி, கைமா வடை, நாற்காலி. அடுத்த கார்த்திகை வரைக்கும் அதுதான் வாழ்க்கை. கேட்டால் விரல் பூஜை அலமாரியைக் காட்டும்.

இதையெல்லாம் நான் வெறும் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என்னை அவர் லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மகள் பிறந்து சில வருடங்களில் எனக்கு மாதவிலக்கு தாறுமாறாகியிருந்தது. எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. உடம்பு பெருத்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி, சாக்பீஸைப் பிடிக்க வராது. இதை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஐப்பசி கடைசியில் திடீரென்று கவலை வந்துவிட்டது. என் உடம்பைப் பற்றி இல்லை, அவர் விரதத்தைப் பற்றி. மாலை போட்ட வீட்டில் விலக்கான பெண் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த நாட்களில் நான் ஜீவனஹள்ளியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். நாள் தெரிந்தால் போகலாம். நாளே தெரியாதவள் எப்படிப் போவது? முன்கூட்டியே என்னை அனுப்பிவிடவும் முடியாது, அவருக்குக் குளித்துவிட்டுச் சமைத்துப் போட ஆள் வேண்டும்.

டாக்டர் ஒரு கன்னடக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். லக்கசந்திராவில் கிளினிக். அடுகோடித் தமிழர்களோடு பழகிப் பழகி எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்கு மாச விஷயத்த தள்ளிப் போடற மாத்திரை குடுங்கம்மா. பொங்கல் வரைக்கும் வராம இருந்தா போதும். நான் மாலை போடறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கடைசியா எப்பம்மா வந்தது?"

"ஆடி மாசம்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "தள்ளிப் போடறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லியே சார். இது ஏன் வரலன்னுதான் நீங்க பயப்படணும்."

இவர் பயப்படவில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். 'அப்ப பிரச்சினை இல்ல' என்று சொல்லியே விட்டார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது இருந்த அருவருப்பைப் பார்த்து எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதுவரை அது என் முகத்தில் மட்டும்தான் இருந்தது.

பரிசோதனையெல்லாம் முடித்து அடுத்த தடவை போனபோது அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இன்சுலின் என்ற ஹார்மோன் என் உடம்பில் குறைவாக இல்லை, அதிகமாக இருக்கிறது. அது கதவைத் தட்டுகிறது, உள்ளே இருக்கிற தசைக்குக் காது கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று உடம்பு இன்னும் அதிகமாகத் தட்டுகிறது. அந்தச் சத்தத்தில் சினைப்பையின் ஹார்மோன்கள் நிலை தடுமாறிவிட்டன. வயிற்றில் சேர்ந்திருக்கும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையில்லை, உடம்பு முழுக்க லேசான அழற்சியைக் கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். புண் தெரியாது, காய்ச்சல் வராது, புகையே இல்லாமல் உமி கனல்கிற மாதிரி. என் விரல் வீக்கத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம், அந்தக் கனல் வருடக்கணக்கில் நீடித்தால் ரத்தக் குழாயின் உட்சுவரையும் கெடுத்துவிடும் என்றார்.

"மாத்திரை தர்றேன். ஆனா மருந்து நடைதான்" என்றார். "நடந்தா தசைக்குக் காது தொறக்கும். ரத்தத்துல சுத்தற கொழுப்ப அது இழுத்து எரிக்கும். அந்தக் கனலும் தணியும்."

"எத்தனை நாள் நடக்கணும் மேடம்?"

"ஒந்து தின நடெதரெ சாலதும்மா. தினா நடீபேக்கு." ஒரு நாள் நடந்தால் போதாது, தினமும் நடக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, மறுபடி தமிழுக்கு வந்தார். "இன்னிக்கு நடந்தது ரெண்டு நாளைக்கு வேலை செய்யும். அப்புறம் தசை மறுபடி செவிடாயிடும். சேத்து வெக்க முடியாது, கேட்டியா? இது பேங்க் கணக்கு இல்ல."

எனக்கு உடனே பூஜை அலமாரியில் நிற்கும் ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். நடக்க வேண்டுமாம் என்றேன். அவர் சிரித்தார்.

"வூட்டு வேலையே எக்சர்சைஸ்தானே. குனிஞ்சி பெருக்கற, நிமிந்து துணி போடற. இதுக்கு மேல நடந்து எங்க போவப் போற?"

எங்கேயும் போகவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன். அடுகோடியில் விடியற்காலையில் ஒரு பெண் தனியாகத் தெருவில் வேகமாக நடந்தால், யார் வீட்டில் என்ன சண்டை என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாடி பெரியதில்லை. தண்ணீர் டாங்க், துணிக்கொடி, மூலையில் வீட்டுக்காரம்மா போட்டுவைத்த உடைந்த கட்டில். இவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதல் வாரம் தலை சுற்றியது. கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாட்களில் டிரம்மில் பைப்பைச் சொருகிவிட்டு ஓடிவந்து நடப்பேன். எதிர் மாடியில் புறா வளர்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கோயில் கொளம் எதுவும் கெடைக்கலயா, டாங்க்க சுத்தறீங்க?" என்று கேட்டார். சில மாதங்கள் கேட்டுவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

எனக்கு யாரும் மாலை போடவில்லை. யாரும் காலில் விழவில்லை. நான் நடக்கிறேன் என்பது வீட்டில் யாருக்கும் ஒரு செய்தியாகவே இல்லை. காபி ஏன் தாமதம் என்பதுதான் செய்தி. அடுத்த கோடை வருவதற்குள் மாதவிலக்கு ஓர் ஒழுங்குக்கு வந்தது. மோதிரம் விரலில் சுழன்றது. போர்டில் எழுதும்போது வலி இல்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. என் ரத்தக் கொழுப்பு மெதுவாகத்தான் இறங்கியது. நல்ல கொழுப்பு என்று ஒன்று உண்டு, அது ஏறுவதற்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. டாக்டர் ஒவ்வொரு தரமும் பார்த்துத் தலையாட்டுவார். அந்த ரிப்போர்ட்டுகளை நான் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் போட்டுவைத்தேன். கோபம் மட்டும் குறையவில்லை. அதற்கு நடையில் மருந்து இல்லை போலும்.

ஒரு வருடம் ஆகஸ்டில் அவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று லேடி டாக்டர் எழுதிக் கொடுத்தார். நானும் லேபுக்குப் போயிருந்தேன். சோதனைக் குழாயில் மேலே தெளிந்து நிற்கிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இவருடையது கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாக நின்றது. அவ்வளவு கொழுப்பு. லேபில் இருந்த பெண் இரண்டு தடவை எங்கள் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? குழாய் மாறிவிட்டது என்று சண்டை போட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கஞ்சி.

டாக்டர் மாத்திரை எழுதினார். நடக்கச் சொன்னார். குடியை நிறுத்தச் சொன்னார். இவர் மாத்திரை மட்டும் சாப்பிட்டார், அதுவும் ஜனவரி வரைக்கும். மாலை, மலை, பரிசோதனை. ரிப்போர்ட் வழக்கம்போலப் பிரமாதம். மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார்.

"அது மாத்திரையும் விரதமும் சேந்து செஞ்சதுங்க" என்றேன். "விரதத்த விட்ட ரெண்டு மூணு வாரத்துல பழையபடி ஏறிடும். போய் மார்ச்சுல ஒரு தடவை டெஸ்ட் எடுங்க பாக்கலாம்."

"வருசா வருசம் நல்லா வர்ற ரிப்போர்ட்ட நம்புவனா, ஒரு தடவை தப்பா வந்தத நம்புவனா? சொல்லு டீச்சர்."

நான் டீச்சர்தான். இந்த அளவு முட்டாள்தனத்தை ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை பேசினால் எழுந்து நிற்கவைத்திருப்பேன். ஆனால் அவர் முட்டாள் என்று அப்போது நான் நினைத்தது தப்பு. அது அதைவிட மோசம் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். புரட்டாசியில் ஊரில் அவருடைய சித்தப்பா இறந்துபோனார். பங்காளி சாவு. ஒரு வருடம் மலைக்குப் போகக்கூடாது, மாலை போடக்கூடாது. கல்யாணமான பிறகு அவர் மாலை போடாத முதல் கார்த்திகை அது. பஜனைக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. தொழிற்சாலையில் வேறு ஒருவர் குருசாமியாக நின்று கூட்டத்தை நடத்தினார். இவர் செத்துப்போன சித்தப்பாவைத் திட்டிக்கொண்டு, சாயங்காலமானால் பாருக்குப் போய்க்கொண்டு, அந்த இரண்டு மாதத்தையும் மற்ற பத்து மாதத்தைப் போலவே கழித்தார்.

பொங்கல் கழிந்தது. பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்று தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டே அதை என்னிடம் சொன்னார்.

"எப்பப் போறீங்க?" என்றேன்.

"இந்த வருசம் எதுக்கு? மாலையே போடலயே. இப்பப் போயி ரத்தம் குடுத்தா அசிங்கமா வரும். அடுத்த வருசம் பாத்துக்கலாம் வுடு."

சட்டையை ஆணியில் மாட்டினார். தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்படியானால் தெரியும். இத்தனை வருடமும் தெரியும். எந்த மாதம் எந்த ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்து, நல்ல மாதமாகப் பார்த்து ரத்தம் கொடுத்து, அதற்குக் குங்குமமும் வைத்திருக்கிறார். யாரை ஏமாற்ற? தொழிற்சாலைக்கு அந்த ரிப்போர்ட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தன் இருதயத்தையே ரிப்போர்ட் காட்டி ஏமாற்றப் பார்த்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு கேவலமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் டியூஷன் போயிருந்தாள். இவரைத் துணியை எடுத்துவரச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார். மழை கொட்டத் தொடங்கி வெகு நேரமாகியும் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால், படிக்கட்டின் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கரிமலை ஏறியவர் வீட்டு மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ் வீட்டுக்காரர்கள் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். மறுநாள் கண் திறந்ததும், ஈனக்குரலில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பூஜை அலமாரியில இருக்கற ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துக்கினு வந்து டாக்டருக்குக் காட்டு" என்பதுதான். இவருக்கு ஹார்ட் அட்டாக் வர நியாயமே இல்லை என்று டாக்டருக்குப் புரியவைக்க வேண்டுமாம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இளவயது டாக்டர். வேலூர்ப் பக்கத்துப் பையன். குங்குமக் கறை படிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அட்மிட் ஆன அன்று எடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரோடதும்மா?" என்று கேட்டார்.

கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னேன். மாலை, மலை, ஜனவரி, தீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. வெளியே கூட்டிப்போய், "இன்னும் ரெண்டு குழாய்ல பாதி அடைப்பு இருக்கும்மா. மாத்திரை கெட்ட கொழுப்ப இறக்கும். ஆனா மத்தது, அந்த ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு, குழாய்ல இருக்கற அழற்சி, சக்கரை, அதுக்கெல்லாம் அவர் உடம்ப தினமும் அசைக்கணும். குடிக்கவே கூடாது. ரெண்டு மாசம் இல்ல. உயிரோட இருக்கற வரைக்கும். அது நடந்தா நாம தப்பிச்சோம்" என்றார். லேடி டாக்டர் எனக்குச் சொன்ன அதே விஷயம்தான். எனக்குத் திறந்த தசைக் காது இவருக்குத் திறக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு வேண்டுதலாக அறிவித்தார். ஒரு மண்டலம் தினமும் மாரியம்மன் கோயில் வரை நடக்கப்போகிறாராம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புவார். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து விசாரித்தார்கள். பழைய சாமிகள் இரண்டு பேர் கூடவே நடந்தார்கள். மூன்றாம் மாதம் ரிப்போர்ட் நன்றாக வந்தது. மண்டலம் முடிந்த அன்று தேங்காய் உடைத்தார், தெருவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் எடுத்த ரிப்போர்ட்டில் கொழுப்பு பழையபடி ஏறியிருந்தது. டாக்டர் பையன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

தீட்டு வருடம் முடிந்திருந்தது, ஆனால் மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமிகள் கிளம்புகிற அன்று இவர் கோயிலுக்குப் போய் எல்லோருக்கும் இருமுடி கட்டிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "மலைக்கே போவ முடியாது, இனிமே எதுக்கு நடக்கறது?" என்றார்.

அன்றைக்கு நான் பொறுத்துக்கொள்ளவில்லை. "நான் எந்த மலைக்குப் போனேன்?" என்று கேட்டேன். "எனக்கு எவன் மாலை போட்டான்? ஏழெட்டு வருசமா அந்த டாங்க்க சுத்தறனே, என்னை ஒருத்தராச்சும் சாமின்னாங்களா? உங்களுக்கு யாராவது கும்பிட்டா கால் நடக்கும். இல்லன்னா அது மரக்கட்டை. ஆள் பாக்காத எடத்துல ஒரு நாள் நடந்து காட்டுங்க, நான் உங்க கால்ல விழறேன்." மகள் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தும் நிறுத்தவில்லை. அவர் விரலைக்கூட நீட்டவில்லை. பூஜை அலமாரி காலியாகத்தான் இருந்தது, அந்தத் தாள்களை ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்ப வாங்கவே இல்லை.

சில நாள் கழித்து, மார்கழிப் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், நான் நடந்து முடித்துக் கீழே வந்து, துணி துவைத்து, வாளியோடு மறுபடி மாடிக்கு ஏறினேன். மேலே காலடிச் சத்தம் கேட்டது. கதவு லேசாகத் திறந்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர்தான். பழைய லுங்கி, தலையில் மஃப்ளர், நெற்றியில் ஒன்றும் இல்லை. டாங்க்கைச் சுற்றி, கொடிக்குக் கீழே குனிந்து, உடைந்த கட்டிலைத் தாண்டி, நான் போகிற அதே தடத்தில் நடந்துகொண்டிருந்தார். நடை என்று சொல்ல முடியாது, தொந்தியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

எதிர் மாடியில் புறாக்காரர் கூண்டைத் திறந்துகொண்டே கேட்டார். "இன்னா குருசாமி, ஊரே மலைக்குப் போயிருக்கு. நீங்க இங்க இன்னா பண்றீங்க? வேண்டுதலா?"

அவர் நிற்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றார். "சும்மா நடக்கறேன்."

இதைச் சொல்ல இந்த மனிதருக்கு இத்தனை வருடமும் ஓர் அடைப்பும் தேவைப்பட்டதே என்று ஆத்திரமாக இருந்தது. கதவைத் திறக்கக் கை போனது. திறக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அதுவே ஒரு கூட்டமாகிவிடும், நாளைக்கு நெற்றியில் திருநீறு வந்துவிடும், அப்புறம் மண்டலம், தேங்காய், நாற்காலி. ஈர வாளியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். மஃப்ளரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல், "துணி காயப் போடணும், வழி விடுங்க" என்றேன்.

மறுநாள் நான் மாடியிலிருந்து இறங்கி, துணி துவைக்காமல், கீழே அடுப்பின் முன்னால் சும்மா நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. பால் பொங்கியது, இறக்கிவைத்தேன். அப்புறம் தலைக்கு மேலே, தொம் தொம்மென்று, அந்தக் கனத்த நடை தொடங்கியது.